சாணி மெழுகிய படகு

எடப்புளி நாடு, கொல்லிமலை
மாசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சண்முகப்பிரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி ராஜதுரையும் இரண்டு மாடுகளும் அறப்பளீஸ்வரர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை சுதாகரும் உன் வயிற்றில் இருக்கும் சின்னச் சாமியும் அந்த வியட்நாம் தேசத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். போன் இருக்கும்போது இந்த அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் உன் வீட்டுக்கார அம்மாள் அந்த லியென் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், நான் ஒரு வார்த்தை சொன்னால் அது என்ன என்று உன்னைக் கேட்கிறாள், நீ அவள் பாஷையில் சொல்கிறாய், அவள் தலையாட்டுகிறாள். என் மகளிடம் நான் பேசுவதற்கு நடுவில் ஒருத்தி தலையாட்ட வேண்டுமா. கடிதம் என்றால் தமிழ், அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. எழுதி முடித்ததும் ராஜதுரை பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, சோளக்காட்டில் டவர் கிடைக்கிற இடத்தில் நின்று அனுப்புவான். படிக்காமல் அனுப்படா என்று சொல்லியிருக்கிறேன், படித்துவிட்டுத்தான் அனுப்புவான், போகட்டும்.

மிளகு இந்த வருஷம் பரவாயில்லை. கொத்து சின்னதுதான், மணி கெட்டியாக இருக்கிறது. வாசல் முழுக்கத் தார்ப்பாயில் காய்கிறது, நடக்க இடமில்லை, கோழி விரட்டுவதற்கே எனக்கு ஒரு ஆள் வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஏணி ஏற வேண்டாம் என்றால் கேட்பதில்லை, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் பாதி உயரத்தில் நின்றுகொண்டு நீ சொல்லிக்கொடுத்த படகுப் பேர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் மாதனுக்கு என்னமோ ஆயிருச்சு என்று நினைக்கிறார்கள். என்னுடைய பாஸ்போர்ட் விஷயமாகச் சேலத்துக்கு இன்னொரு தடவை போய்வந்தோம். அது கைக்கு வந்து, அப்புறம் விசா என்று ஒன்று வந்து, நான் விமானம் ஏறுவதற்குள் என் பேரப்பிள்ளை தவழ்ந்து வந்து என்னைக் கூப்பிடும் போலிருக்கிறது. நானும் எல்லாச் சாமிக்கும் வேண்டிக்கொண்டு பார்த்துவிட்டேன். அந்தச் சாமிகளுக்கும் பாஸ்போர்ட் ஆபீசில் ஆள் இல்லை.

நீ அனுப்பிய வாய்ஸை ராஜதுரை வைத்துக் காட்டினான். பரிசல் மாதிரி வட்டப் படகுக்கு எந்தெந்த ஊரில் என்ன பேர் என்று உன் யுனிவர்சிட்டிக்காக நீ சேர்த்து வைத்திருக்கிறாயே, அதுதான். நமக்குப் பரிசல், ஒகேனக்கல்லுக்குப் போனபோது நீ ஏற மாட்டேன் என்று அழுதாயே அதே பரிசல். கன்னடக்காரர்களுக்கு ஹரிகோலு, தெலுங்குக்காரர்களுக்குப் புட்டி, மலையாளத்தில் குட்டவஞ்சி, ஈராக் தேசத்து ஆற்றில் குஃபா, வெள்ளைக்கார நாட்டில் ஒரு ஓரத்தில் கூருகல். நீ இருக்கும் கடற்கரையில் தூங். அப்பாவுக்குத் தூங் என்ற பேர்தான் ரொம்பப் பிடித்துப் போயிற்று. அதற்கு அவர்கள் பாஷையில் கூடை என்றுதான் அர்த்தம், ஈராக்கிலும் அதே கூடைதான் என்று நீ சொன்னதும் அவர் கைதட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன். அத்தனை பேரையும் சொல்லிவிட்டுக் கடைசியில் நீ கேட்டாய், அம்மா நம்ம மலையில் படகுக்கு ஏதாவது பேர் இருக்கிறதா என்று. நான் பக்கத்து வீட்டுப் பொன்னம்மாளிடம் கேட்டேன், ஊர்க் கவுண்டரிடம் கேட்டேன், நம்ம மலையிலேயே பைல் நாட்டிலிருந்து மிளகு வாங்க வந்த ஆளைக்கூட விடவில்லை. எங்கிருந்து இருக்கும். ஓடையில் வெள்ளம் வந்தால் வடிகிறவரைக்கும் இந்தக் கரையிலேயே நிற்பவர்கள் நாம், நமக்குப் படகு எதற்கு. வாசலூர்ப்பட்டி ஏரியில் டூரிஸ்ட்டுகளுக்கு மிதி படகு விடுகிறார்கள், அதற்கு இங்கிலீஷில் போட்டு என்றுதான் பேர். அதை உனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் இல்லை சாமி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். நீ பரவாயில்லை என்றாய். அதற்கு அடுத்த வாய்ஸில், மா எனக்கு இன்னும் நாலு பேர் சொன்னாள், மா சொன்னாள், மா சொன்னாள் என்று ஒரு நிமிஷத்துக்குள் எத்தனை மா. அந்த ஊரில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம், வீட்டுக்காரியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் மரியாதை இல்லையாம், அக்கா தங்கை சித்தி பெரியம்மா என்று ஏதாவது முறை வைத்துத்தான் கூப்பிட வேண்டுமாம். சரி, சித்தி என்று கூப்பிடக் கூடாதா. பெரியம்மா என்று கூப்பிடக் கூடாதா. அத்தனை முறையில் உனக்கு அது ஒன்றுதான் கிடைத்ததா.

பொறாமைதான் கண்ணு. வேறு பேர் வைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உன் அப்பா இதை அக்கறை என்கிறார், பொன்னம்மாள் ஏக்கம் என்கிறாள், எனக்குத் தெரியும் இது வெறும் பொறாமை, மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்த மாதிரி எரிகிறது. நீ மீன் சாப்பிடுகிறாய் என்று கேள்விப்பட்டதும் எரிந்தது. என் வீட்டில் இருந்த வரைக்கும் கருவாட்டு வாசம் வந்தாலே எழுந்து போகிறவள், அங்கே அவள் முள் எடுத்துக் கொடுத்தால் கஞ்சியோடு தின்கிறாய். நான் அனுப்பிய சாமையும் மிளகும் அட்டைப்பெட்டியில் பிரிக்காமல் இருக்கிறது என்று மாப்பிள்ளை வாய்தவறிச் சொல்லிவிட்டார், அவரைத் திட்டாதே. அவள் உன் தலையைச் சீவிவிடுவதைப் பார்த்தேன். வகிடு எடுக்கத் தெரியவில்லை அவளுக்கு. அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். வளையலைத்தான் தாங்க முடியவில்லை. வளைகாப்புக்கு என்று நாமக்கல்லில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினேன், உன் கைக்கு எந்த அளவு என்று யாரையும் கேட்கவில்லை, என் விரலைக் குவித்துப் பார்த்தே எடுத்தேன். மாப்பிள்ளையுடைய கம்பெனி ஆள் ஊருக்கு வந்து திரும்பியபோது பஞ்சு வைத்துச் சுற்றிக் கொடுத்தனுப்பினேன், ஒன்றுகூட உடையாமல் வந்து சேர்ந்தது என்றாய். அப்புறம் வீடியோவில் பார்த்தால் அவள் உன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக உன் கையில் ஏற்றுகிறாள். சோப்பு நுரை தடவி ஏற்றுகிறாள், பதமாகத்தான் ஏற்றினாள், குறை சொல்ல முடியாது. நீ சிரித்துக்கொண்டு என்னைப் பாருங்கம்மா என்று கையை ஆட்டினாய். அழகாக இருக்கிறது சாமி என்றேன். போனை ராஜதுரையிடம் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். மாடு அப்போதுதான் குடித்திருந்தது.

அந்த எரிச்சலில்தான் நான் அந்தக் கூத்தைச் செய்தேன். ராஜதுரை உனக்கு வீடியோ அனுப்பிவிட்டான், ஆனால் அவன் பாதியிலிருந்துதான் எடுத்தான், முழுக்கதையை நான் சொல்கிறேன். அந்த லியென் மூங்கில் கூடைப் படகுக்குச் சாணி பூசுவதை நீ ஒரு நாள் காட்டினாய் அல்லவா. கவிழ்த்துப் போட்டு உள்ளங்கையால் அவள் தேய்த்ததைப் பார்த்ததும் எனக்கு ஒரு துள்ளல் வந்தது. இது என் வேலை அல்லவா. ராகிக் கூடைக்கும் சாமைக் கூடைக்கும் வருஷா வருஷம் சாணி மெழுகுகிறவள் நான், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் கை சாணியில்தான் இருக்கிறது. மூங்கில் நம்முடையது, கூடை நம்முடையது, சாணியும் நம்முடையது, இந்தக் கடல்காரிகள் அதை எடுத்துத் தண்ணீரில் போட்டுக்கொண்டு படகு என்று பேர் வைத்து என் மகளை மயக்குகிறார்கள் என்று தோன்றியது. நம்ம மலையிலும் ஒரு தூங் உண்டு என்று உன் கணக்கில் ஏற்றிவிட வேண்டும் என்று முடிவு பண்ணினேன். அப்பாவிடம் சொன்னேன். அவர், ஏம்புள்ள உனக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டார். கூடைக்குத் தெரிந்தால் போதும் என்றேன். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி அப்பாசாமி நெல் கொட்ட முடைந்து கொடுத்தானே, நாலு பேர் உட்காரலாம், அந்தப் பெரிய கூடையை இறக்கினோம். பசுஞ்சாணியும் புற்றுமண்ணும் குழைத்து உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை, காய்ந்ததும் மறுபடி ஒரு கை. பெருமைக்குச் சொல்லவில்லை, அவள் படகைவிட என் மெழுகு வழவழப்பாக இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஓடைத் தடுப்பணைக்குப் போனோம், பின்னாலேயே ஊரும் வந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் ஏறி உட்கார்ந்தேன். மிதந்தது பிரியா. சத்தியமாக மிதந்தது. நாலு ஆள் நீளத்துக்குப் போயிருப்பேன், அப்பா கரையிலிருந்து தூங் தூங் என்று கத்தினார். அந்தப் பொழுதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை என்ன சொல்வது, லியெனாவது கியெனாவது என்று இருந்தது. அப்புறம் முழங்காலுக்குக் கீழே ஈரம் பட்டது. பார்த்தால் தண்ணீர் பச்சையாக இருக்கிறது. மெழுகு கரைந்து ஓடுகிறது. தானியத்துக்கு மெழுகுகிற சாணி தானியத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்குமா, இது என் புத்தியில் உறைக்கவே இல்லை. கூடை என்னை உட்கார்ந்த மேனிக்கே கீழே இறக்கியது. இடுப்பளவுத் தண்ணீர்தான், ஆனாலும் சாணிக் குளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்துதான் ராஜதுரை வீடியோ எடுத்தான்.

ஊர் சிரித்தது, சிரிக்கட்டும். நீ அதை அவளிடம் காட்டினாயே, அதற்கு நான் உன்னை என்ன செய்வது. அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாளாம், அப்புறம் சாணிக்கு மேல் மர எண்ணெய் பூச வேண்டும், வெயிலில் பூச வேண்டும், அது இறுகினால்தான் தண்ணீர் நிற்கும் என்று சொல்லி அனுப்பினாளாம். முதல் படகை மூழ்கடிக்காத ஆளே தன் ஊரில் கிடையாது, உங்கள் அம்மா வரட்டும், நான் கற்றுக்கொடுக்கிறேன் என்றாளாம். இதைக் கேட்டுவிட்டு உன் அப்பா, நல்ல பொம்பளையாட்டம் இருக்குதே என்றார். அன்றைக்கு அவருக்கு ரசத்தில் உப்பு இல்லை. மறதி என்று நினைத்துக்கொண்டார். கற்றுக்கொடுக்கிறாளாம். வளையலும் அவள் போட்டுவிட்டாள், தலையும் அவள் சீவிவிட்டாள், இனிமேல் எனக்குச் சாணி மெழுகவும் அவள் கற்றுக்கொடுப்பாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும் தெரியுமா. வாடகையை ஏற்றுகிறாள், வாளித் தண்ணீருக்குச் சண்டை போடுகிறாள் என்று நீ ஒரு தடவை அழுதிருந்தால்கூட நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியவை. நீ படகில் ஏறாதே. ஆராய்ச்சி எங்கேயும் ஓடிப் போகாது. எட்டாம் மாதத்தில் கூடையில் உட்கார்ந்து அலைக்குள் போகிறவள் உலகத்திலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். பிள்ளைத்தாச்சியின் புருஷன் மலை ஏறக் கூடாது என்று கீழ்நாட்டில் சொல்வார்கள், மலையிலேயே குடியிருக்கிற நம் ஆட்களால் அதைக் கடைப்பிடிக்க முடியாது, அதனால் இந்த ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை முடி மட்டும் வெட்டாமல் இருக்கட்டும். பப்பாளி வேண்டாம், அங்கே காயாகவே அரிந்து போடுகிறார்கள் என்று பார்த்தேன். மிளகைத் தட்டி ரசம் வை, சும்மா அட்டைப்பெட்டியில் வைக்க அப்பா ஏணி ஏறிப் பறிக்கவில்லை. போன மாதம் வயிறு இறுக்கிப் பிடித்து ஆஸ்பத்திரியில் ஒரு நாள் இருந்ததை நீ வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குச் சொன்னாய். டாக்டர் விமானம் ஏறக் கூடாது என்றதையும் மாப்பிள்ளைதான் சொன்னார். வலி எடுத்தால் தாமதிக்காமல் கிளம்பி வந்துவிட வேண்டும், தாமதித்தால் இரண்டு உயிருக்கும் நல்லதில்லை என்று டாக்டர் சொன்னதையும் அவர்தான் சொன்னார். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது யார் கேட்டும் வந்த வழக்கமில்லை, அது என் உரிமை. உனக்கு என்று பின்கட்டு அறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தேன். இப்போது அதில் மிளகு மூட்டை அடுக்கியிருக்கிறோம். நான் வர முடியவில்லையே சாமி என்று நான் சொன்னபோது, மா இருக்கிறாள் அம்மா, நீங்கள் கவலைப்படாதீங்க என்றாய். மாப்பிள்ளை பகலெல்லாம் டானாங் டவுனில் கம்பெனியில் இருப்பார். அப்படியென்றால் அந்த நேரத்தில் உன் பக்கத்தில் இருக்கப் போவது அவள்தான்.

இதுவரை படகு, கூடை, சாணி என்று இத்தனை பக்கம் எழுதியது, இனிமேல் எழுதப் போவதைத் தள்ளிப்போடத்தான். அதை எழுத எனக்கு மனமில்லை. சின்ன வயதில் பலாமரத்திலிருந்து விழுந்தாயே, நினைவிருக்கிறதா. வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, சிரிக்கிறாள், தண்ணீர் கேட்கிறாள் என்றார்கள். நான் காட்டிலிருந்து வந்து பார்த்தேன். டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாய், ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை, கீழே வைத்துவிட்டு மறுபடியும் தண்ணீர் கேட்டாய். தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன், உன் முழங்கை எலும்பு இரண்டாகப் போயிருந்தது. ஹாஸ்டலில் குடல்வால் வந்தபோதும் இதேதான். வார்டன் அம்மா போனில், உங்க பொண்ணு நல்லாத்தான் இருக்குதுங்க, தண்ணிதான் சும்மா சும்மா கேக்குதுங்க என்றார். அவர் பேசி முடிக்கவில்லை, நான் கிளம்பிவிட்டேன். டாக்டரே ஆச்சரியப்பட்டார், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வெடித்திருக்கும், இந்தப் பெண் வலி என்று சொல்லவே இல்லையே என்றார். நீ சொல்ல மாட்டாய். வலித்தால் நீ அழ மாட்டாய், கத்த மாட்டாய், சிரித்துக்கொண்டு தண்ணீர் கேட்பாய், வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் இருப்பாய். இது உனக்கே தெரியாது. உன் அப்பாவுக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்கும் தெரியாது. நீ பிறந்ததிலிருந்து இது எனக்கு மட்டும் தெரிந்தது.

இதை லியெனிடம் சொல்ல வேண்டும். நீ சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால் இந்தப் பக்கத்தை மாப்பிள்ளை அவளுக்கு அவள் பாஷையில் படித்துக் காட்டட்டும். இரண்டாவது தடவை தண்ணீர் கேட்டு நீ குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தால் அவள் உன்னை ஒன்றும் கேட்க வேண்டாம், நீ ஒன்றுமில்லை என்று சொல்வதைக் காதில் வாங்க வேண்டாம், வண்டி பிடிக்கட்டும். அவளுக்குப் புரிந்ததா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டு எனக்குச் சொல்லச் சொல். இதைக் கொடுத்துவிட்டால் உன் விஷயத்தில் அவளுக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் தெரிந்தது என்று இனி ஒன்றும் மிச்சமில்லை. எரிகிறது. எரிந்தாலும் கொடுத்துவிட்டேன்.

நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, தாயும் பிள்ளையுமாக மலையேறி வா கண்ணு. எட்டுக்கை அம்மன் உனக்குத் துணையிருப்பாள், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். அப்பா தன் பங்குக்கு ஒன்று எழுதச் சொல்கிறார், கூருகல் என்பதைச் சரியாகத்தான் உச்சரிக்கிறாரா என்று கேட்கிறார். மறக்காமல் ரசம் வை. மறக்காமல் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டச் சொல். குழந்தை பிறந்ததும் முதல் போன் எனக்குத்தான் வர வேண்டும், பக்கத்தில் இருக்கிறவளுக்குத்தான் போன் தேவைப்படாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
பழனியம்மாள்